கோகோ காய் அழுகல்: செம்புக்கு ஓரிடம், டிரைக்கோடெர்மாவுக்கு ஓரிடம்

கோகோ மரத்தில் காய் கறுத்து அழுகுகிறது என்றதும் வருகிற முதல் கேள்வி, ரசாயனமா உயிரியலா என்பதுதான். கேள்வியே கோணல். இரண்டும் வேலை செய்யும், ஆனால் ஒரே இடத்தில் செய்யாது. செம்பு மருந்தின் இடம் காயின் தோல். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தின் இடம் மண்ணும், உடைத்த காய்களின் ஓட்டுக் குவியலும். ஊசியாகப் போடும் பாஸ்போனேட் மருந்தின் இடம் மரத்தின் உள்ளே. இந்த மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே நாளில் அடிக்கிற தோட்டங்களில்தான் "எதுவுமே கேட்கவில்லை" என்ற புலம்பல் அதிகம்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். கருங்காய் அழுகலை உண்டாக்குவது பைட்டோப்தோரா. உலகம் முழுக்க இருப்பது பால்மிவோரா என்ற இனம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அதைவிடக் கொடிய மெகாகார்யா இருக்கிறது; கவனிக்காமல் விட்டால் மொத்த விளைச்சலையும் கொண்டுபோய்விடும். பூஞ்சாணம் என்று பொதுவாகச் சொன்னாலும் பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சாணம் அல்ல. ஊமைசீட் என்ற தனிக் குலம். பூஞ்சாணத்தின் செல்சுவரில் கைட்டின் இருக்கும். இதன் சுவரோ முக்கியமாக செல்லுலோஸும் குளூக்கனும். பூஞ்சாணம் தனக்குத் தேவையான எர்கோஸ்டெராலைத் தானே தயாரிக்கும், இது தயாரிப்பதில்லை.

பாடப்புத்தக விஷயம் போலத் தெரியும். ஆனால் பணம் வீணாவது இங்கேதான். ஹெக்சகொனசோல், புரோபிகொனசோல் போன்ற மருந்துகள் எர்கோஸ்டெரால் தயாரிப்பைத் தடுத்து வேலை செய்பவை. தயாரிப்பே இல்லாத உயிரியிடம் எதைத் தடுப்பது? கார்பென்டசிம் என்ற மருந்தும் பலனில் அப்படித்தான்: பைட்டோப்தோராவை ஒன்றும் செய்யாது, நாம் போட்ட டிரைக்கோடெர்மாவை மட்டும் சுத்தமாகக் கொன்றுவிடும். காசு கொடுத்து எதிரிக்கு உதவுவது என்றால் இதுதான்.

கறுத்ததெல்லாம் அழுகல் அல்ல

பிஞ்சு வாடலையும் காய் அழுகலையும் குழப்பிக்கொள்வது மிகவும் சகஜம். கோகோ மரம் தன்னால் சுமக்க முடிகிற அளவுக்கு மேல் பிஞ்சு பிடிக்கும். மிச்சத்தை அதுவே கழித்துக்கட்டும். அந்தப் பிஞ்சுகள் முதலில் மஞ்சளாகி, பிறகு கறுத்துச் சுருங்கி, விழாமல் மரத்திலேயே காய்ந்து தொங்கும். பிடித்து இரண்டரை மூன்று மாதம் தாண்டிய காய்க்கு இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. இதற்கு மருந்தே கிடையாது, தேவையும் இல்லை.

பைட்டோப்தோரா வந்த காயில் மஞ்சள் முன்னுரை இருக்காது. பச்சைத் தோலில் சாக்லேட் நிறத்தில் ஒரு புள்ளி, ஓரம் தெளிவாக. அது பெரும்பாலும் காயின் நுனியில் தொடங்கும். மழைத்துளி கடைசியாகத் தொங்கி நிற்பது அங்கேதான். அல்லது காம்புப் பக்கம், தண்ணீர் தேங்கும் குழியில். தொற்றிய மூன்று நான்கு நாளில் புள்ளி தெரியும். அடுத்த இரண்டு மூன்று நாளில் புள்ளியின் மேல் வெளுத்த மாவு போன்ற பூப்பு வரும். இரண்டு வாரத்துக்குள் முழுக் காயும் போய்விடும். சந்தேகம் இருந்தால் புள்ளி விழுந்த காயைப் பறித்து, ஈரப் பஞ்சோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரிரு நாள் நிழலில் வையுங்கள். வெள்ளைப் பூப்பு வந்தால் பைட்டோப்தோரா. கையில் ஒட்டும் கரிப்பொடி போல் வந்தால் அது லாசியோடிப்ளோடியா என்ற வேறு பூஞ்சாணம். பெரும்பாலும் காயம் பட்ட காயிலும் வறட்சியில் தவிக்கும் மரத்திலும் நுழைவது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முற்றிய காயில் விதைகள் ஓட்டிலிருந்து விலகி நிற்கும். தோலில் அழுகல் தொடங்கியிருந்தாலும் சில நாளுக்குள் பறித்து உடைத்தால் விதை தப்பிக்கும். ஆகவே முற்றும் நிலையில் உள்ள காயில் புள்ளி கண்டால் தூக்கி எறிய வேண்டாம், உடனே அறுவடை செய்யுங்கள். லத்தீன் அமெரிக்காவின் உறைபனி அழுகல் என்ற வேறு நோயில் இந்தச் சலுகை இல்லை. அது காயை உள்ளிருந்தே அழுகவைக்கும்.

செம்பு எப்போது, எங்கே

பைட்டோப்தோரா காயைத் தாக்கும் வழியைப் பார்த்தால் செம்பின் வேலை புரிந்துவிடும். பூப்பில் இருக்கும் வித்துப்பைகள் தண்ணீர் பட்டதும் வெடித்து, வாலுள்ள நீந்தும் வித்துகளை வெளியே விடுகின்றன. சற்றுக் குளிர்ந்த நீர் என்றால் அரை மணி ஒரு மணி நேரத்திலேயே. அந்த வித்துக்குச் செல்சுவர் கிடையாது. சட்டை போடாத உடம்பு. காயின் தோலில் முன்கூட்டியே படிந்திருக்கும் செம்பிலிருந்து துளித்துளியாகக் கரையும் அயனி அதைக் கொல்லப் போதும். ஆனால் அது முளைத்துத் தோலுக்குள் நுழைந்துவிட்டால் செம்பு வெளியே காவல் நிற்கும் வாட்ச்மேன் மாதிரிதான். திருடன் ஏற்கெனவே உள்ளே.

ஆகவே செம்பு மழைக்கு முன் அடிக்க வேண்டிய மருந்து. பருவமழை தொடங்குவதற்கு முன் முதல் தெளிப்பு, பிறகு மழைக்காலம் முடியும்வரை மூன்று வாரத்துக்கு ஒன்று. மூன்று வாரம் என்பதற்குக் காரணம் மழை கழுவிவிடுவது மட்டுமல்ல. காய் வளர வளர மருந்து படாத புதுத் தோல் விரிகிறது.

போர்டோ கலவை 1% இன்றும் மலிவான, நம்பகமான தயாரிப்பு, சரியாகச் செய்தால். 100 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. மயில்துத்தத்தைத் துணியில் கட்டி 50 லிட்டர் தண்ணீரில் மேலாகத் தொங்கவிட்டால் தானாகக் கரையும். அடியில் போட்டால் மணிக்கணக்காகும். பிளாஸ்டிக் டிரம் மட்டும். இரும்பு, அலுமினியம் வேண்டாம். சுண்ணாம்பை இன்னொரு டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி, 50 லிட்டராக்கி, முழுக்க ஆறவிட்டு வடிகட்ட வேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினாலோ சூடாக இருக்கும்போது கலந்தாலோ துகள் பெரிதாகும்: நாசில் அடைக்கும், அடியில் படியும், காயில் ஒட்டாது.

சுட்ட சுண்ணாம்பு கிடைக்காமல் ஏற்கெனவே நீற்றிய தூளைப் பயன்படுத்தினால் 1 கிலோ போதாது, சுமார் 1.3 கிலோ வேண்டும். அதில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருக்கிறது. திறந்த மூட்டையில் பல மாதம் கிடந்த சுண்ணாம்பு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சுண்ணாம்புக்கல்லாக மாறியிருக்கும். அது செம்பை அடக்காது.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, துரு நீக்கித் தேய்த்த இரும்பு ஆணியையோ கத்தியையோ இரண்டு நிமிடம் முக்கி எடுங்கள். பளபளப்பு மாறாவிட்டால் சரி. செம்பு நிறம் படிந்தால் கட்டுப்படாத செம்பு மிச்சம் இருக்கிறது, அது பிஞ்சையும் தளிரையும் கருக்கும். சுண்ணாம்புப் பால் இன்னும் கொஞ்சம் விட்டு மறுபடி சோதியுங்கள். கலந்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும். மறுநாள் அது வெறும் நீலத் தண்ணீர்.

கடையில் வாங்கும் காப்பர் ஹைட்ராக்சைடு, காப்பர் ஆக்சிகுளோரைடு ஆகியவற்றில் இந்தச் சள்ளை கிடையாது. லேபிளில் உள்ள அளவு. ஒட்டும் திறனில் நன்றாகச் செய்த போர்டோவுக்கு அவை கொஞ்சம் பின்னால்தான், ஆனால் மோசமாகச் செய்த போர்டோவைவிட எவ்வளவோ மேல்.

எங்கே அடிப்பது என்பதில்தான் பெரும்பாலான தெளிப்பு தோற்கிறது. கோகோ காய் இலைக்கூட்டத்தில் காய்ப்பதில்லை, தண்டிலும் தடித்த கிளையிலும் காய்க்கிறது. பழக்கதோஷத்தில் மேல் நோக்கி இலைக்கு அடித்தால் மருந்தில் பெரும் பங்கு இலைக்கும் காற்றுக்கும் போகும். கூம்பு நாசிலோடு கைக்கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காய்க்கும் காம்புப் பக்கம், நுனி, தண்டை ஒட்டிய முதுகு என்று மூன்று பக்கமும் நனைய வேண்டும். தரையை ஒட்டி முழங்கால் உயரத்தில் தொங்கும் காயை விட்டுவிடாதீர்கள். மண்ணிலிருந்து தெறிக்கும் மழை முதலில் நனைப்பது அதைத்தான். காயில் மண்கூரை கட்டி ஏறும் எறும்புகள் இன்னொரு வழி. நோய் மண்ணைச் சுமந்துபோய்க் காயின் தோலிலேயே பூசிவிடுகின்றன.

கணக்கும் ஒன்று போட்டுவிடலாம். 3 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,111 மரம். மரத்துக்கு 300 மில்லி என்றால் சுமார் 333 லிட்டர். மயில்துத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் செம்பு, ஆக ஒரு தெளிப்புக்கு ஹெக்டேருக்கு சுமார் 850 கிராம் செம்பு. ஆறு முறை அடித்தால் 5 கிலோவைத் தாண்டும். செம்பு மக்காது, கரைந்து போகாது, மேல்மண்ணிலேயே தங்கும். மண்புழுவுக்கும் நல்ல பூஞ்சாணங்களுக்கும் அது சுமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 ஆண்டுக்கு 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆறு தெளிப்பு அதை மீறுகிறது. தெளிப்பின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் காயில் ஈரம் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு மருந்துக் கடை உதவாது, கவாத்துக் கத்திதான்.

மெட்டலாக்சிலும் பாஸ்போனேட்டும்

மெட்டலாக்சில் ஊமைசீட்டுக்கென்றே உள்ள மருந்து. திசுவுக்குள் ஊடுருவும், தொற்று தொடங்கிய பிறகும் கொஞ்சம் கேட்கும், டிரைக்கோடெர்மாவை அநேகமாகத் தொடாது. பிறகென்ன குறை? அது நோயுயிரின் ஒரே ஒரு நொதியைக் குறிவைக்கிறது. அந்த ஓரிடம் மாறிய நோயுயிர் ஒன்று தப்பிப் பிழைத்துப் பெருகினால் மருந்து செத்தது. அதனால் தனியாக அடிக்கவே கூடாது. செம்போடு சேர்ந்த கலவையாக, மழை உச்சத்தில் இருக்கும்போது, பருவத்துக்கு இரண்டு முறைக்கு மிகாமல். கோகோ விதையில் எச்சம் சோதிக்கிறார்கள் என்பதால் லேபிளில் உள்ள அறுவடை இடைவெளியில் ஒரு நாளும் குறைக்க வேண்டாம்.

பொட்டாசியம் பாஸ்போனேட்டை மரத்தண்டில் ஊசி போடும் முறை பப்புவா நியூ கினியின் கோகோவில் நன்றாகச் சோதிக்கப்பட்டது. தண்டுப் புற்று (அதே பைட்டோப்தோரா பட்டையில் உண்டாக்கும் நோய்) உள்ள தோட்டத்தில் இதற்கு நிகர் கிடையாது. தண்டுப் புற்றைச் செம்பு தெளித்து எட்டவே முடியாது; பட்டைக்கு அடியில் சிவந்த ஒயின் நிறத் திசுவாக அது ஒளிந்திருந்து, அங்கிருந்து பூ மெத்தை (தண்டில் பூக்கள் கிளம்பும் முடிச்சு) வழியாகக் காய்க்குப் போகிறது. பாஸ்போனேட் மேலும் கீழும் நகரும், மரத்தின் சொந்த எதிர்ப்பையும் தட்டி எழுப்பும்.

40% மருந்தைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் 20%. ஸ்பிரிங் வைத்த சிரிஞ்சில் 20 மில்லி எடுத்தால் அதில் 4 கிராம் மருந்து. தண்டின் சுற்றளவைப் பொறுத்து எத்தனை ஊசி என்பதை லேபிள் சொல்லும். சிரிஞ்சின் மூக்கு இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை, கீழ் நோக்கிச் சற்றுச் சாய்வாக, மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம். பூ மெத்தையிலும் புற்று உள்ள இடத்திலும் துளைக்காதீர்கள். போன வருடத் துளையிலும் வேண்டாம். வெயில் ஏறும் காலை நேரம் நல்லது, மரம் நீரை இழுக்கும்போது மருந்தும் ஏறும். மண் வறண்டு இலை தொங்கும்போது போட்டால் மருந்து சிரிஞ்சிலேயே நிற்கும், அல்லது ஓரிடத்தில் தேங்கி இலை ஓரம் கருகும். துளைப்பானை மரத்துக்கு மரம் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும், முக்கியமாகக் காயம் வழியாகப் பரவும் செராட்டோசிஸ்டிஸ் வாடல் நோய் உள்ள பகுதியில். பாஸ்போனேட் வேறு, பாஸ்பேட் வேறு. டிஏபி என்ற பாஸ்பேட் உரத்தின் கரைசலை ஊசி போட்டு அற்புதத்துக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

டிரைக்கோடெர்மாவை வாழவிடுங்கள்

டிரைக்கோடெர்மா மருந்தல்ல, உயிர். அதற்குச் சாப்பாடு, ஈரம், நிழல் வேண்டும். காயின் வழுவழுப்பான தோலில் மூன்றுமே குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரில் வித்து சாகும், அடுத்த மழையில் மிச்சம் கழுவிப்போகும். கேமரூனில் டிரைக்கோடெர்மா ஆஸ்பெரெல்லத்தைக் காயில் தெளித்துச் சோதித்தபோது அழுகல் குறைந்தது, ஆனால் ரசாயனத்துக்கு ஈடாக வரவில்லை. எண்ணெயில் கலந்த தயாரிப்பு காயில் கூடுதல் நாள் தங்குகிறது. காயில் அடிப்பதானால் மாலை வேளையில், எண்ணெய்த் தயாரிப்பாக, அடிக்கடி. அந்த வேலைக்கு பாசில்லஸ் சப்டிலிஸ் கொஞ்சம் பொருத்தம். அதன் வித்து வெயிலையும் செம்பையும் ஓரளவு தாங்கும்.

டிரைக்கோடெர்மாவின் உண்மையான களம் உடைத்துப் போட்ட காய் ஓடு. ஒரு டன் உலர் விதைக்குச் சுமார் 10 டன் ஈர ஓடு மிஞ்சுகிறது. தோட்டத்து ஓரத்தில் மூடாமல் கிடக்கும் ஓட்டுக் குவியல் ஒவ்வொரு மழையிலும் வித்து கக்கும் தொழிற்சாலை. அதைத்தான் டிரைக்கோடெர்மாவின் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் முறை இருக்கிறது.

பலரும் புது ஓட்டைக் குவித்த அன்றே டிரைக்கோடெர்மாவைத் தூவிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் குவியலின் நடு 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூடு பைட்டோப்தோராவைக் கொல்லும், நல்லது. கூடவே டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். அது செழிப்பது 25 முதல் 30 டிகிரியில். ஆகவே முதலில் சூடு தன் வேலையைச் செய்யட்டும். ஓட்டைச் சின்னதாக உடைத்து, 15–20 சென்டிமீட்டர் அடுக்குக்கு ஒருமுறை சாணக் கரைசல் தெளித்து, மேலே மண்ணோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடுங்கள். ஓரத்தில் சூடு ஏறாது, அதனால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். குவியலுக்குள் கை நுழைத்தால் சுடாமல் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிற நிலையில் டன்னுக்கு 1 முதல் 2 கிலோ டிரைக்கோடெர்மா. கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வருகிற ஈரம் போதும். ஒழுகினால் காற்றில்லாமல் புளித்துவிடும். சில நாளில் வெள்ளை நூலும் பிறகு பச்சைப் பூப்பும் தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த உரத்தை மரத்தடியில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பி, மேலே இலைச்சருகு மூடாக்கு. மண்ணில் தங்கும் மெகாகார்யாவுக்கு இது இருமுனைத் தாக்குதல்: உள்ளே டிரைக்கோடெர்மா, மேலே மழைத்துளி மண்ணைத் தெறிக்கவிடாத மெத்தை. இன்னொன்று, கோகோ பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் குட்டிக் கொசு போன்ற பூச்சிகள் அழுகும் சருகிலும் ஓட்டிலும்தான் பெருகுகின்றன. தோட்டத்தைப் பெருக்கி வழித்துத் துடைத்தால் நோயோடு காய்ப்பும் குறையும்.

செம்பு தெளிப்புக்கும் டிரைக்கோடெர்மாவுக்கும் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். அதே தெளிப்பானைப் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவிய பிறகு. தேதி கடந்த பாக்கெட்டும் வெயிலில் கிடந்த பாக்கெட்டும் வெறும் டால்க் பவுடர். சந்தேகமானால் ஒரு சிட்டிகையை வேகவைத்து ஆறிய சோற்றில் தூவி மூடி வையுங்கள். ஐந்தாறு நாளில் பச்சை படராவிட்டால் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மற்ற நோய்களுக்கு இதே கணக்கு பொருந்தாது

உறைபனி அழுகலை உண்டாக்கும் மொனிலியோப்தோரா ரோரெரி உண்மையான பூஞ்சாணம். வித்து தண்ணீரில் நீந்துவதில்லை, உலர்ந்த தூளாகக் காற்றில் போகிறது. பிஞ்சில் நுழைந்து ஒரு மாதத்துக்கு மேல் அடையாளமே காட்டாது. அதே அளவுள்ள நல்ல காயைவிடக் கனமாக இருப்பது ஒரு துப்பு. 2005இல் மெக்சிகோவையும் 2021இல் பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தையும் எட்டிவிட்டது. இதற்கு மருந்தைவிட வாரம் ஒருமுறை காய் பொறுக்குவது மேல். வெள்ளைப் பூப்பு வருவதற்கு முன் அறுத்துத் தரையில் போட்டுச் சருகால் மூட வேண்டும். பூப்பு வந்த காயைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பது, வித்தை நீங்களே தூவுவது.

கிளைகள் துடைப்பம் போல் கொத்தாக முளைக்கும் துடைப்ப நோய் 1989இல் பிரேசிலின் பாஹியாவுக்கு வந்து அங்கிருந்த கோகோத் தொழிலையே சாய்த்தது. அங்கே உயிரியல் முறை பலித்த விதம் கவனிக்கத்தக்கது. டிரைக்கோடெர்மா ஸ்ட்ரோமாட்டிகம் என்ற இனத்தைக் காய்க்கு அல்ல, காய்ந்த துடைப்பக் கிளைகளுக்குத் தெளித்தார்கள். வித்து உண்டாக்கும் குட்டிக் காளான்கள் முளைப்பது அந்தக் கிளையில்தான், அதனால் உற்பத்தியே குறைந்தது.

கிளை நுனியிலிருந்து கருகிவரும் குழல் கீற்று நோய்க்குத் தெளிப்பு எதுவும் பெரிதாக உதவாது. கிளையைப் பிளந்தால் பழுப்புக் கீற்று எதுவரை தெரிகிறதோ அதற்கும் 30 சென்டிமீட்டர் கீழே வெட்ட வேண்டும். கீற்றின் முனையிலேயே வெட்டினால் பூஞ்சாணம் இன்னும் கீழே இருக்கும், இரண்டு மாதத்தில் அதே கிளையில் அதே வேலை.